துறையில் கழற்றிய பதக்கம்

கேப்டன் ட்ரெலோர் வெள்ளைக்காரப் படையோடு எங்களைச் சுட வந்தவர். சண்டையில் நாங்கள் தோற்றோம். வைக்கட்டோ ஆற்றின் இந்தக் கரையில் எங்கள் நிலத்தைப் பிடுங்கிய அரசாங்கம், அதில் ஒரு துண்டை அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. எங்கள் ஆட்கள் நட்டு வளர்த்த பீச் தோப்பும் அதற்குள் போய்விட்டது.

முதல் கோடையில் ரிபேகா கூடையோடு அந்தத் தோப்புக்குள் நுழைந்தாள். அந்தச் சண்டையில் எங்கள் மண்கோட்டைக்குள் துப்பாக்கி பிடித்தவள், அங்கேயே அண்ணனைப் பறிகொடுத்தவள். கேப்டனும் துப்பாக்கியோடு வாசலில் வந்து நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் பறித்தாள். கூடை நிறைந்ததும், "உச்சியில இருக்கறது எட்ட மாட்டேங்குது" என்று அவரிடமே குறை சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த கோடையில் அவள் போனபோது மரத்தில் ஏணி சாத்தியிருந்தது. சாத்தியவர் கண்ணில் படவில்லை.

அவர் அப்படித்தான். எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டார், அதிலும் குறைவாகவே பேசினார். காய்ச்சல் பரவிய குளிர்காலத்தில் வீட்டு வாசல்களில் சூப் பாத்திரம் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போவார். நாய் குரைத்தால்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் இடுகாட்டின் நடுவே சாலை போட அளவைக்காரர்கள் கழி நட்டபோது, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டு உட்கார்ந்தார். பைப் புகைத்தார். மறுநாளும் போனார். சாலை இன்றும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

மகாராணியின் பிறந்தநாளுக்கு அக்கரை டவுனுக்குப் போய், அங்கே மார்பில் வீரப் பதக்கம் குத்திக்கொள்வார். திரும்பும்போது அக்கரைத் துறையில் குதிரையை நிறுத்துவார். பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்ட பிறகே ஆற்றில் இறங்குவார். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் கேட்டதில்லை.

பீச் பழுக்கிற பருவத்தில் அவர் இறந்தார். டவுன் சர்ச் கல்லறையில் அடக்கம் செய்ய, கொடியும் வண்டியுமாக மேஜர் பிளண்டல் வந்திறங்கினார். எங்கள் மொழி ஓரளவு தெரிந்தவர். சவப்பெட்டியை மூடுவதற்குள் நாங்களும் தலையில் துக்கத்துக்கான இலை வளையம் சூடி, அழுதபடி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நரைத்துப்போன ரிபேகா முன்னால் போய் நின்றாள். எங்கள் வழக்கப்படி இறந்தவரிடமே பேசினாள்.

"கிழவா, எந்திரிடா! யாரைக் கேட்டுப் படுத்த? உன் குதிரை என் கிழங்குப் பாத்தியை மிதிச்சதுக்கு இன்னும் பதிலக் காணோம். இத்தனை வருஷம் தூண்டிலோட ஆத்துல நின்னியே, ஒரு விலாங்கு புடிச்சிருப்பியா?"

மேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இந்தக் கிழவியை வெளிய அனுப்பவா?" என்று கேப்டனின் மனைவி ஆக்னஸிடம் கேட்டார்.

"வேணாம் மேஜர். அவ அழுதுட்டிருக்கா."

ரிபேகா திரும்பினாள். "இவனை நாங்க எடுத்துக்கறோம். தோப்புல வைக்கிறோம்."

"இவர் மகாராணியோட வீரர். உங்களை எதிர்த்துச் சண்டை போட்டவர். உங்களுக்கு என்ன உரிமை?" என்றார் மேஜர்.

"அதான் உரிமை. இவன் எங்க எதிரி. உங்களுக்கு யாரு? வருஷத்துக்கு ஒரு தடவை உக்கார வச்சு டீ குடுத்தீங்க, அவ்வளவுதானே?"

பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். மேஜர், சிறு மெத்தையில் வைத்திருந்த பதக்கத்தைக் காட்டினார். "பறக்கற குண்டுக்கு நடுவுல தனியாப் போய், அடிபட்டுக் கிடந்த சிப்பாயைத் தூக்கிட்டு வந்தார். அதுக்கு மகாராணி குடுத்தது இது."

"எந்தக் குண்டு?" என்றாள் ரிபேகா. "படை பின்வாங்கிடுச்சு. இவன் மட்டும் பெரணிப் புதருக்குள்ள திரும்பி வந்தான். ஆளைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பினப்போ முதுகு இவ்வளவு அகலம், என் துப்பாக்கிக்கு நேரா. எங்கண்ணன் சுட வேணாம்னு கையைத் தூக்கினான். ஒருத்தரும் சுடல. மறுநாள் உங்க ஆளுங்க அண்ணனைச் சுட்டீங்க. அந்தப் பதக்கம் நாங்க குடுத்தது."

எல்லோரும் ஆக்னஸைப் பார்த்தார்கள். எங்கே அடக்கம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

"அவர் எங்கிட்ட சொல்லியிருக்கார்," என்றார் ஆக்னஸ் மெல்ல. "திரும்பி வர்றப்போ சத்தமே இல்லையாம். ஒரு குருவி கத்தினது மட்டும் கேட்டுதாம். அந்தக் குருவிச் சத்தத்தை யார்கிட்டயும் சொல்ல முடியலையேன்னு வருத்தப்படுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரிபேகா, தோப்புல எனக்கும் இடம் வைப்பியா?"

"உன் ஜாம்ல சக்கரை ஜாஸ்தி. ஆனாலும் வைக்கிறேன்."

மேஜர் பதக்கம் இருந்த மெத்தையை ஆக்னஸ் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "வேட்டு மரியாதையாவது செய்யணும்" என்றார்.

"தாராளமா சுடுங்க. இந்தத் தடவை வானத்தைப் பாத்துச் சுடுங்க."

ஆக்னஸ் பதக்கத்தை எடுத்துக் கணவரின் கோட்டில் குத்தினார். எங்கள் கரையில் அவர் அதை அணிந்தது அன்றுதான். ரிபேகா குனிந்து பார்த்தாள்.

"கோணலா இருக்கு" என்று சொல்லி, நேராக்கினாள்.