அடையாறு போய் ஆனி மாதத்துத் திதி கேட்டு வந்தது

போன தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை நானும் என் மருமகள் விசாலமும் தியாகராய நகரிலிருந்து அடையாறு போய் வந்தோம். கோவிலுக்கோ கடற்கரைக்கோ இல்லை. ஒரு ஜெர்மன்காரரைப் பார்க்க. அந்தப் பக்கம் போக நினைக்கும் பெண்களுக்கு வழி விவரமாவது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

என் மூத்த பிள்ளை சேது பட்டாளத்தில் லாரிப் பிரிவுக்குக் கிளார்க்காகப் போனான். நாற்பத்திரண்டில், ஆனி மாதம், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் காணாமல் போனான் என்று தந்தி வந்தது. அவனோடு இருந்த ஒருவர் சண்டை முடிந்தபின் வீடு தேடி வந்தார். வெள்ளைக் குவிமாடம் வைத்த ஒரு சமாதிக்குப் பக்கத்தில் மூன்று லாரிகளை நிறுத்தியிருந்தார்களாம். ஜெர்மன் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து சுட்டதாம். வெடிமருந்து ஏற்றிய கடைசி லாரி வெடித்ததாம். சேது அதில்தான் இருந்தான். சொன்னவரும் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தவர். என்ன தேதி என்று அவருக்குத் தெரியவில்லை.

சர்க்கார் பென்ஷன் போட்டுவிட்டது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம், சாஸ்திரம் இடம் கொடுக்கிறது என்றார் எங்கள் சாஸ்திரிகள். எனக்குச் சம்மதமில்லை. ஊர் பேர் தெரியாதவர்களோடு தெரியாதவனாக என் பிள்ளையைச் சேர்ப்பானேன்? திதி தெரிகிறவரை திவசமும் கிடையாது, விசாலம் நெற்றியில் குங்குமமும் அழியாது என்று சொல்லிவிட்டேன். ஆறரை வருஷம் அப்படியே ஓடியது. திதி தெரிந்தால் அவள் குங்குமம் போகும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜெர்மன்காரர் சேதியைக் கொண்டு வந்ததே விசாலம்தான். அவள் வாத்தியார் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் அச்சடிக்கிற இடத்தில் மெஷின் பூட்ட வந்திருக்கிறார், சண்டையில் விமானம் ஓட்டியவர், ஆப்பிரிக்காவில் இருந்தவர் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். "சனிக்கிழமை போலாமாம்மா?" என்றாள். பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டோம். எட்டு வயதில் வட்டிக் கணக்குப் போடுகிற பெண். அவளைப் பார்த்துக்கொள்ள யாரும் சங்கடப்படுவதில்லை.

காலை ஏழரைக்குப் பார்க் பக்கத்தில் பஸ் ஏறினோம். மயிலாப்பூர்க் குளம் ஏறக்குறைய மூன்று மைல். அங்கே அடையாறு பஸ்ஸுக்கு முக்கால் மணி காத்திருக்க வேண்டும். வந்த வண்டியில் இடமில்லை.

"இன்னாம்மா, நின்னுக்கினு வர்றதுன்னா ஏறு. குந்திக்கினு வர்றதுன்னா அடுத்த வண்டி" என்றார் கண்டக்டர்.

"நான் பேத்தி எடுத்தவப்பா. நிக்க முடியாது."

"ஏறுன வேகத்தப் பாத்தா என் தங்கச்சி மாரி கீது. யோவ் மூக்குக்கண்ணாடி, எந்திரி, பாட்டியம்மா குந்தட்டும்!"

இடது பக்கத்து இடமே கிடைத்தது. போகிறவர்கள் அந்தப் பக்கம் உட்காருங்கள். பாலத்தின் மேல் ஆறு கடலில் சேர்கிற இடம் நன்றாகத் தெரியும்.

பாலம் தாண்டி இறங்கி ரிக்ஷா பிடித்தோம்.

"மெஷின் தொரை ஊட்டுக்கா? குந்து தாயி. நல்ல மனுசன்தான், ஆனா என் வண்டில மட்டும் ஏற மாட்டாரு. மனுசன் இஸ்கிற வண்டி வாணாம்னு நடந்தே பூடுவாரு. அந்த மாரி இன்னும் நாலு நல்லவன் வந்தா என் பொயப்பு அவ்ளோதான்" என்றார் ரிக்ஷாக்காரர். விசாலம் சிரித்தாள். வழியில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவை.

தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. ஜெர்மன்காரருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது காது வெந்து சுருங்கியிருந்தது. எங்களை நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு, தாம் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். காபி வைத்தார். நான் தொடவில்லை, விசாலம் குடித்தாள். எங்கள் உறவில் ஒருவர் அந்தப் பாலைவனத்தில் இருந்தார் என்று மட்டும் சொன்னோம்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் விசாலத்தின் இலாகா. அவள் பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரியே ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். அவர் 'நான்' என்றதை இவளும் 'நான்' என்றே சொன்னாள்.

"பதினஞ்சு வயசுல இன்ஜின் இல்லாத விமானத்துல மலைச்சரிவுலேர்ந்து பறக்கக் கத்துண்டேன். சண்டை வந்தப்போ எனக்கு இருபத்திரண்டு. முதல்ல பிரான்ஸ் மேல, அப்பறம் இங்கிலீஷ்காரா கடல் மேல. ஒத்தை ஆள் விமானம். எதிர்ல வர்ற விமானத்தைச் சுடறது வேலை. விழுந்ததுக்கு ஒவ்வொண்ணா வால்ல கோடு போட்டுப்போம். எனக்குப் பதினோரு கோடு. அப்பறம் பாலைவனம். இன்ஜின்ல மணல், தண்ணில மணல், சாப்பாட்டுல மணல். அங்கே லாரிகளையும் சுடச் சொன்னா."

"எத்தனை லாரின்னு கேளு."

கேட்டாள். அவர் சுருக்கமாகச் சொன்னார். விசாலம், "லாரிக்குக் கோடு கிடையாது" என்றாள்.

வெள்ளைக் குவிமாடம், மூன்று லாரி என்று நான் சொல்லச் சொன்னேன். அவர் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். விசாலம் குரல் மாறாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஞாபகம் இருக்கு. நான் ரொம்பத் தாழ வந்துட்டேன். கடைசி லாரி எனக்குக் கீழேயே வெடிச்சுது. என் இறக்கையில ஓட்டை. இந்தக் காது அன்னிக்கு வெந்தது. எப்படியோ திரும்பிட்டேன். அந்த லாரிலேர்ந்து யாரும் இறங்கலை. பார்த்தேன்."

கடைசி வாக்கியம் வரை சொல்லிவிட்டுத்தான் அவள் தலை குனிந்தாள்.

தேதி கேட்டோம். தெரியவில்லை என்றார்; ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் நாள் எல்லாம் ஒன்றாகிவிட்டதாம். இரண்டு மாதம் கழித்து வேறொரு சண்டையில் விழுந்து கைதியானாராம், கனடாவில் மரம் வெட்டினாராம். அதெல்லாம் எனக்கு எதற்கு?

"அன்னிக்கு ராத்திரி நிலா இருந்ததான்னு கேளு" என்றேன்.

அவர் உடனே தலையை ஆட்டினார். காதுக்குக் கட்டுப் போடும்போது, சூரியன் விழுந்த கையோடு, அங்கே வேலை செய்த அரபுக்காரர்கள் மேற்கே கையை நீட்டிச் சத்தம் போட்டார்களாம், அவர்களுக்கு மாசம் பிறந்தது என்று. காபியில் விரலைத் தொட்டு மேஜை மேல் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு வளைத்தார். அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் பிறை. அமாவாசையிலிருந்து மூன்றாம் நாள், வளர்பிறைத் துவிதியை.

விசாலம் அவரிடம் இங்கிலீஷில் சின்னதாக ஏதோ சொன்னாள். அவர் பெட்டியிலிருந்து எழுந்து நின்றார்.

"நாம யார்னு சொன்னேன். தான் என்ன பண்ணணும்னு கேக்கறார்."

"கேட்டதுக்குப் பதில் சொன்னார், வேறொண்ணும் வேண்டாம்னு சொல்லு."

வாசல்வரை வந்தார். மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது மயிலாப்பூரில் பஸ்ஸுக்காகக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணி வெயில். "யாருக்கும் சொல்ல வேண்டாம், விசாலம். நமக்குள்ளேயே இருக்கட்டும். நீ இப்படியே இரு" என்றேன்.

"நான் எப்படிம்மா இருக்கேன்? ஆறரை வருஷமா ஒரு ஆத்துலயும் என்னை வெத்தலை பாக்குக்குக் கூப்பிடறதில்லை. எதிர்ல நான் வந்தா ஒதுங்கறா. பொட்டு வச்சுண்டிருக்கறது உங்களுக்காக. இனிமே என்ன வச்சுக்கறதுன்னு நான் பார்த்துக்கறேன். அவருக்கு அந்தத் திதில திவசத்தைச் செஞ்சுடுங்கோ."

பஸ் வந்தது.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், பாலத்துக்கு அந்தண்டை நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம். சனிக்கிழமை மத்தியானம் மயிலாப்பூர் வண்டியில் கூட்டம் அதிகம். போய்வர ஆளுக்குப் பஸ் எட்டணா, ரிக்ஷா தனி. அரை நாள் போதும். கேட்க வேண்டிய கேள்வியை வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டு போவது நல்லது. பதிலுக்கும் அப்படி முன்கூட்டித் தயாராக முடியுமா என்றால், என்னால் முடியவில்லை.

ஆனி மாதம் வளர்பிறைத் துவிதியையில் என் இளைய பிள்ளை அண்ணாவுக்குத் திவசம் செய்தான். விசாலம் மடியாகச் சமைத்து முடித்து வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. மிளகளவு கறுப்புச் சாந்துப் பொட்டு. சாஸ்திரிகள் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாழியாறது. இலையைப் போடு, விசாலம்" என்றேன்.