கையை மட்டும் காட்டுவோம்

அவன் முதலில் அடித்தது விளக்கை. லைவ் செய்யும்போது முகத்துக்கு நேரே நிற்கும் அந்த வட்ட விளக்கு ஒரே அடியில் பிளந்து, துண்டுகள் நாங்கள் விரித்து வைத்திருந்த சேலைகள் மேல் சிதறின. இரண்டாவது அடி அவளுடைய தோளில் விழுந்தது. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. இன்றைக்கும் சமையலறையில் தேங்காயை உடைக்கக் கையை ஓங்கினால், ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறேன்.

இது நடந்தது மாத்தளை நகரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில். கீழே கடை. மேலே நானும் அவளும். நான் உயர்தரப் பரீட்சை முடித்து, பிறகு டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்தவள். குழந்தை பிறந்த பின் தினமும் வேலைக்குக் கண்டிக்கு ரயிலில் போய்வர முடியவில்லை. அதனால் இந்தக் கடையின் பேஸ்புக் பேஜைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் சேலை காட்டி விற்கும் லைவ். அவள் பார்சல் கட்டுகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். நாவுலையில் மரக்கறி லொறி ஓட்டும் கணவனை விட்டுவிட்டு, ஒரு பையோடு வந்து, ஊருக்குள் ஒரு அறையில் தங்கியிருந்தாள்.

அவளுடைய வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு தழும்பு இருந்தது. நீளமாக, ஒரு முனை மட்டும் உருண்டையாக. டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் பார்ப்பதைக் கண்டு அவளே சொன்னாள்.

"கரண்டிக் காம்பு அக்கா. தேத்தண்ணி ஆறிப் போச்சுன்னு அவரு சூடு வச்சாரு."

ஏதோ கடைக்குப் போன கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

லைவுக்கு ஒரு ஆள் போதாது. ஒருத்தி பேச வேண்டும், இன்னொருத்தி துணியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தைக் காட்டமாட்டேன் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். கையை மட்டும் காட்டுவோம் என்று ஏற்பாடு செய்தோம். ஓரத்திலிருந்து அவளுடைய கை நீளும், சேலையை விரிக்கும், முந்தானையைத் திருப்பும். தழும்பை மறைக்க முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டாள். பார்க்கிறவர்களுக்கு அந்த வளையல் பிடித்துப்போனது. "வளையல்காரக் கை எங்க?" என்று கேட்டே சிலர் லைவுக்குள் வருவார்கள்.

லைவுக்கு முன்னால் விளம்பரம் ஓட விடுவோம். எந்த ஊர்க்காரர்களின் போனில் அது தோன்ற வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். நான் எப்போதும் மாத்தளையைச் சுற்றித்தான் போடுவேன். அந்த வாரம் முதலாளி மேலே வந்து, "நாவுலைக்கும் சேர்த்துப் போடுங்க தங்கச்சி. அங்க இப்பதான் அறுவட முடிஞ்சிருக்கு" என்றார். எனக்கு மனதில் நெருடியது. அவளிடமே கேட்டேன்.

"கையத்தானே அக்கா பாக்கப் போறாங்க. கையில பேரா எழுதியிருக்கு?" என்று சிரித்தாள்.

வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை மாமியார் கிளினிக்குக்குப் போயிருந்ததால் மகளையும் கடைக்குக் கூட்டிவந்திருந்தேன். மூன்று வயது. மேசைக்குப் பின்னால், துணி வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். மேசையின் ஓரத்தில் அயர்ன் சூடாக நின்றது. மடிப்பு விழுந்த சேலையை லைவில் காட்ட முடியாது, ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தித்தான் எடுப்போம். ஒரு போன் ஸ்டாண்டில் நின்று படம் பிடித்தது. இன்னொரு போன் என் கையில் இருந்தது. கொமென்ட்களை அதில்தான் வாசிப்பேன்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பார்க்கிறவர் கேட்டதை உடனே செய்துவிட வேண்டும். திருப்பச் சொன்னால் திருப்ப வேண்டும், இழுத்துக் காட்டச் சொன்னால் இழுத்துக் காட்ட வேண்டும். எவ்வளவுக்குப் பதில் சொல்கிறோமோ அவ்வளவுக்குக் கூடுதல் பேருக்கு லைவ் போய்ச் சேரும். எனக்கு அது பள்ளிக்கூடத்தில் கேள்விக்குக் கை தூக்குவது போலப் பழகிவிட்டது.

ரோசாப்பூப் படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து கொமென்ட் வந்தது. கையோரத்து வேலைப்பாடு தெரியவில்லை, வளையலைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள் என்று. அப்போது ரவிக்கைத் துணியைக் கையில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தோம்.

"ரோசாப்பூ அக்கா கேக்கிறாங்க, கொஞ்சம் தள்ளிக் காட்டுங்க" என்றேன்.

அவள் வளையல்களை மேலே தள்ளினாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு அதே கணக்கு, கடைக்கு நேரே வந்து வாங்கலாமா என்று கேட்டது. பஸ் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் படியில் ஏற வேண்டும் என்று சிரித்த முகத்தோடு வழி சொன்னேன். லைவ் முடியும்வரை மேலேதான் இருப்போம் என்றும் சொன்னேன்.

அந்த ரோசாப்பூக் கணக்கு அவளுடைய கணவனுடையது என்பதும், அவன் அன்று மாத்தளைச் சந்தையில் மரக்கறி இறக்க வந்திருந்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. வட்டத்தைப் பெரிதாக்காமல் விட்டிருந்தாலும் லைவ் அவன் கண்ணில் பட்டிருக்குமா? இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு நாள் ஆம் என்று தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும்.

மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வாங்க வருகிறவர் என்று நினைத்து, "வாங்க வாங்க" என்றேன். கையில் லொறிச் சில்லின் நட்டுக் கழற்றும் இரும்போடு அவன் நின்றான். விளக்கை அடித்தான். அவளை அடித்தான்.

"ஒளிஞ்சா தெரியாதுன்னு நெனச்சியா? நான் போட்ட சூடுடி அது. எனக்குத் தெரியாதா?"

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "போங்க. புள்ள இருக்கு இங்க, போங்க" என்றுதான் சொன்னாள். என் பிள்ளையைச் சொன்னாள். அவன் அவளுடைய முடியைப் பிடித்து இழுத்துத் தலையை மேசை விளிம்பில் மோதினான். வளையல்கள் உடைந்து அவளுடைய கையிலேயே குத்தின. நீலச் சேலை ஒன்று அவளுடைய தலைக்குக் கீழே கிடந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே நிறம் மாறியது.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வழி சொன்னதுக்கு நல்லா இருப்ப தங்கச்சி" என்றான். என் கையிலிருந்த போனைப் பார்த்தான். "படம் புடிக்கிறியா?"

அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, இரும்பால் மூன்று நான்கு தரம் குத்தினான். அதோடு படம் நின்றுவிட்டது என்று நினைத்தான். படம் பிடித்தது ஸ்டாண்டில் நின்ற போன். அது விளக்கு விழுந்ததில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சாய்வாகவே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

அவன் மறுபடி அவளிடம் போனான். தழும்பு இருந்த கையை மேசைமேல் இழுத்து வைத்து, இரும்பை ஓங்கி இறக்கினான். எலும்பு முறிந்த சத்தத்தைவிட, அதற்குப் பிறகு அவள் கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் மறுபடி ஓங்கினான். நான் அயர்னை எடுத்து அவனுடைய மணிக்கட்டில் வைத்தேன்.

வைத்தேன் என்று எழுதும்போது மெதுவாக நடந்தது போல இருக்கிறது. அழுத்தினேன். தோல் ஒட்டிக்கொண்டு உரிந்தது. அவன் அலறி இரும்பை விட்டான், முழங்காலில் விழுந்தான். இரும்பு படிப் பக்கம் உருண்டு போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் குனிந்து இன்னொரு தடவை வைத்தேன், அவனுடைய கழுத்தில். முதல் தடவை அவளுக்காக. இரண்டாவது எதற்கு என்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவன் 'தங்கச்சி' என்றதற்காக இருக்கலாம்.

முதலில் படியேறி வந்தது எதிர்ப்பக்கத் தையல் கடைக்கார அம்மா. எங்கள் விலையைப் பார்த்துத் தன் விலையைக் குறைப்பதற்காக ஒவ்வொரு லைவையும் விடாமல் பார்ப்பவர். கழுத்தில் அளவு நாடாவோடு, பின்னால் நான்கைந்து ஆண்களோடு வந்தார். அவர்கள் அவனைக் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்தார்கள். ஒருவர் அவனுடைய முகத்தில் உதைத்தார், இன்னொருவரும் உதைத்தார். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அந்த அம்மாதான் போனைப் பார்த்து, "ஐயோ, இது இன்னும் போகுதே!" என்று கத்தினார்.

மகள் பெட்டிக்குள் இருந்தாள். ஒரு சேலையை இழுத்துத் தன்மேல் மூடியிருந்தாள். அழவில்லை. தூக்கியபோது என் கையை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிரவே லைவிலிருந்து வெட்டிய துண்டுகள் எல்லா இடத்திலும் ஓடின. கண்டியில் வேலை செய்யும் என் கணவருக்கு, அவருடைய கூட்டாளி ஒருவன் சிரிக்கும் முகக் குறியோடு ஒரு துண்டை அனுப்பியிருந்தான். அதில் பாட்டு சேர்த்திருந்தார்கள். அந்தத் துண்டு நான் இரண்டாவது தடவை அயர்னை வைப்பதிலிருந்து தொடங்கியது. முழங்காலில் இருக்கும் ஒரு ஆள், குனிந்து சுடும் ஒரு பெண். அவ்வளவுதான். 'இவளைக் கட்டினவன் பாவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

முழு லைவும் எங்கள் பேஜில் அப்படியே இருந்தது. அதைத் திறந்து, அந்த நேரத்தில் வந்த கொமென்ட்களை வாசித்தேன். அவன் அவளுடைய தலையை மோதும்போது இதயக் குறிகள் பறந்திருந்தன. நாடகம் நல்லாயிருக்கு என்று ஒருவர். சும்மாவா அடிப்பான் என்று இன்னொருவர். சிங்களத்தில் ஒருவர், 'கீயத?' என்று விலை கேட்டிருந்தார். பதில் வராததால் இரண்டாம் தரமும் கேட்டிருந்தார். பொலிசைக் கூப்பிடுங்கள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள், நிறையப் பேர். அவர்களைக் கடைசியாகத்தான் கவனித்தேன்.

மறுநாள் அவனுடைய அண்ணன் பேஜின் இன்பொக்ஸுக்குக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினான். "அந்த வீடியோவ எடுத்துரு. எடுத்தா நாங்களும் ஒன்னும் பேச மாட்டோம். இல்லன்னா நீயும் உள்ள போவ. நீ சுட்டத ஊரே பாத்திருக்கு."

என் கணவர், "எடுத்துரு. நமக்குப் புள்ள இருக்கு" என்றார். முதலாளி எடுக்க வேண்டாம் என்றார், ஆனால் அவருடைய காரணம் வேறு. "ஊரே நம்ம பேஜுல நிக்குது தங்கச்சி." பொலிசில், பிரதியைத் தாருங்கள், பேஜில் இருப்பதை வைப்பதும் எடுப்பதும் உங்கள் விருப்பம் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுடைய தலையில் தையல், கையில் மாவுக்கட்டு, ஒரு கண் மூடியபடி வீங்கியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரதி பொலிசில் இருக்கும், பேஜில் இருப்பதை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்காதீங்க அக்கா. எடுத்தா வெட்டின துண்டு மட்டும்தான் ஊர்ல மிஞ்சும். நான் படியில விழுந்தேன்னு ஆயிரும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "முன்ன ரெண்டு தடவ நானே அப்படித்தான் சொன்னேன்."

"நான் ரெண்டாவது தடவ வச்சதும் அதுல இருக்கு" என்றேன்.

"பாத்தேன்."

"என் மகளும் ஒரு நாள் பாப்பா."

அவள் திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள். "அவரு வச்சத நான் ஒரு நாளும் எண்ணல அக்கா. நீங்க வச்சத மட்டும் ஏன் எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் எடுக்கவில்லை. பொலிசில் வாக்குமூலம் கொடுத்தபோது இரண்டு தடவையையும் சொன்னேன். அவன் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். அவனுடைய வீட்டார் என்மேல் கொடுத்த முறைப்பாடும் அப்படியே இருக்கிறது.

மாவுக்கட்டு வெட்டும் முன்பே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். முதலாளி புது விளக்கு வாங்கியிருந்தார். படிக்குக் கீழே ஒரு கதவும் பூட்டும் போட்டுத் தந்தார். அதை நான் கேட்டு வாங்கினேன். மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை மாத்தளையைச் சுற்றி மட்டும் வட்டம் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு? இனி யாருக்குத் தெரியாது?" என்றாள்.

லைவ் தொடங்கியதும் ஆட்கள் குவிந்தார்கள், முன்பு ஒருபோதும் பார்க்காத கூட்டம். அவள் ஓரத்தில் நின்று இடது கையால் சேலையை நீட்டினாள். கொமென்ட்கள் வேகமாக ஓடின. நடுவில் ஒன்று நின்றது. படம் இல்லாத புதுக் கணக்கு. 'மற்றக் கையையும் காட்டு.'

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். வாசிக்காமல் தள்ளிவிடலாம் என்று விரலை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன போட்டிருக்காங்க?"

"ஒன்னுமில்ல, விலை கேக்கிறாங்க."

"வாசிங்க அக்கா."

வாசித்தேன். அவள் சேலையை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். விளக்கு அவளுடைய முகத்தில் விழுந்தது. தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் வளரவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் கமராவுக்குக் கிட்ட வைத்தாள்.

"பாத்தாச்சா? சரி. இது நாலாம் நம்பர். மஞ்சள்ல சிவப்புக் கரை."

அந்தக் கணக்கைத் தடுத்தேன். சற்று நேரத்தில் இன்னொரு கணக்கு வந்தது, அதையும் தடுத்தேன். 'கீயத?' என்று கேட்டவருக்கு விலை சொன்னேன். கீழே கதவு அசைந்தது போல இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் படியைப் பார்த்தோம். காற்றுதான்.

மேசை ஓரத்தில் அயர்ன் சூடாக நின்றது. அன்றைக்குக் காட்ட வேண்டிய சேலைகளை எல்லாம் நாங்கள் முன்பே அழுத்தி முடித்திருந்தோம்.