குட்டிய கீழ விடாதீங்க

வாசல் கதவு பாதி திறப்பதற்குள் அவருடைய கை நீண்டுவிடுகிறது. "குட்டிய கீழ விடாதீங்க. கையிலேயே இருக்கட்டும்." வந்தவர் கூடையில் கொண்டுவந்தாரா, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாரா, பெரிய காரில் வந்து இறங்கினாரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் குட்டியைப் பார்ப்பார். அடுத்து வந்தவரின் செருப்பைப் பார்ப்பார். மனிதரின் முகத்துக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்த விலங்கு ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன வேலை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கூட்டுவார், துடைப்பார், ஊசி போடும்போது துள்ளுகிற நாயை அணைத்துப் பிடித்துக்கொள்வார், பின்பக்கத்துத் தனி அறையைப் பார்த்துக்கொள்வார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. டாக்டரிலிருந்து மருந்து கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் 'அக்கா'தான். ப்ளீச்சிங் பவுடர் தெறித்துத் தெறித்து அவருடைய நீலக் கோட்டில் நீலம் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம்தான் மிச்சம்.

தனி அறை, பார்வோ என்கிற தொற்றுநோய் கண்ட நாய்க்குட்டிகளுக்கானது. அக்கா அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். பீடை என்பார். "பீடை புடிச்சது ரெண்டு உள்ள கெடக்கு, யாரும் அந்தப் பக்கம் வராதீங்க." அறைக்கு உள்ளே சிவப்புச் செருப்பு, வெளியே நீலச் செருப்பு. நடுவில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு. ஒருநாள் ஆஸ்பத்திரி முதலாளி போன் பேசிக்கொண்டே சிவப்புச் செருப்போடு வெளியே வந்துவிட்டாராம். அவரை நின்ற இடத்திலேயே நிறுத்தி, அவர் மிதித்த ஆறு அடியையும் துடைத்து முடித்த பிறகுதான் நகரவிட்டிருக்கிறார். "மொதலாளி கால்னு தெரிஞ்சா கிருமி எறங்கிப் போயிடுமா?" என்று கேட்டாராம். முதலாளியே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறு நாள் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சே கதி என்று கிடந்தவன் நான்.

எங்கள் வீட்டுக் குட்டியின் பெயர் பொட்டலம். பழைய துண்டில் சுற்றி, முகம் மட்டும் தெரிய வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். இருபது வருஷமாக நாய் வேண்டும் என்று மனைவி கேட்டு, இருபது வருஷமாக நான் தட்டிக்கழித்து, கடைசியில் வந்த குட்டி. அவளுக்கு அது குட்டி இல்லை, ஜெயித்த வழக்கு. ஒரு தடுப்பூசி போட்டாகிவிட்டது, அப்புறம் என்ன என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அது பிறந்த எழுபதாவது நாள் காலையில் பொட்டலம் எழுந்து வரவில்லை. வெள்ளை நுரையாக இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, அலமாரிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

டாக்டர் இளம்பெண். கைராசிக்காரர் என்று பெயர். பொறுமையாகப் பார்த்தார். சோதனை அட்டையில் ஒரு கோடுதான் வந்தது. இரண்டு கோடு வந்தால் பார்வோ, ஒன்று வந்தால் இல்லை. "ஏதாவது முழுங்கியிருக்கும். வாந்திக்கு ஊசி போடுறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அப்போதே துண்டை விரித்துவிட்டாள்.

அக்கா துடைப்பத்தோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தருகே பொட்டலம் நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இவன ஒரு நிமிஷம் பாருங்க. தண்ணிக்கு மேல வாய வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். தாகம் இருக்கு, குடிக்க முடியல. சாதா வயித்துவலிக்குக் குட்டி இப்படி நிக்காது."

கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, பொட்டலத்தின் உதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் சிவப்பாகத் திரும்புவதற்குள் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். பிறகு முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கிய தோல் உடனே படியவில்லை.

"அட்டை என்ன வேணா சொல்லட்டும். ரத்தம் பாத்துடுங்க."

பெரிய படிப்புப் படித்தவர் அந்த டாக்டர். துடைப்பம் பிடித்தவர் சொல்லி நான் கேட்பதா என்று நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ எங்களிடம் திரும்பி, "அக்கா சொன்னா நான் எதிர்த்துப் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். கால் மணி நேரத்தில் இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. வெள்ளை அணுக்கள் பெயருக்குத்தான் இருந்தன; பார்வோவாகத்தான் இருக்கும் என்று பொட்டலத்தைத் தனி அறையில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே ரத்தமாகப் போக ஆரம்பித்தது. மறுநாள் எடுத்த அட்டையில் இரண்டாவது கோடு பளிச்சென்று வந்தது.

நான் நில அளவையாளன். முப்பது வருஷமாகக் கருவியை நம்பிப் பிழைக்கிறவன். கருவி கோட்டைவிட்டதை ஒரு ஜோடிக் கண் பிடித்ததை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த ஒரு நாளில் கதை முடிந்திருக்கும் என்று டாக்டரே பிறகு சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"எத்தன குட்டி போயிருக்கும் சார் என் கையில. அதுங்க சொல்லிக்குடுத்துட்டுப் போனதுதான்."

முதல் நாளே அக்காவின் விசாரணை ஆரம்பமானது.

"குட்டி வெளிய எங்கயாவது போச்சா?"

"போகவே இல்லைங்க. வாசப்படி தாண்டினதில்ல. மாடிக்குக்கூட நான்தான் தூக்கிட்டுப் போவேன்."

"சரி. அவன் போகல. நீங்க எங்க போனீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் என் காலைக் காட்டினார். ஊரில் எத்தனை காலிமனை உண்டோ அத்தனையின் மண்ணும் அந்தச் செருப்பில் இருந்தது. மூன்று வாரம் முன்பு அளந்த மனையில் ஒரு தெருநாய் நான்கு குட்டி போட்டிருந்தது. அடுத்த வாரம் போனபோது ஒரு குட்டியும் இல்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அந்த மண்ணோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லாமல் பொட்டலத்தைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன். அது என் செருப்பு வாரைத்தான் எப்போதும் கடித்துக்கொண்டிருக்கும். அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்திருக்கிறேன்.

"நாயத் தூக்கித் தூக்கி வெச்சீங்க. செருப்ப யாரு தூக்கி வைக்கிறது?" என்றாள் மனைவி. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

வீட்டை மூன்று தடவை பினாயில் போட்டுக் கழுவிவிட்டேன் என்று மறுநாள் பெருமையாகச் சொன்னபோது அக்கா என்னை வறுத்தெடுத்துவிட்டார். "பினாயில் வாசனை நமக்குத்தான் நிம்மதி சார். கிருமிக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி. ஊத்திட்டு உடனே தொடைக்கக் கூடாது, பத்து நிமிஷம் ஊறணும். மெத்தை, துண்டு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. செருப்பயும். படிச்சவர்தானே நீங்க?" ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சிவந்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். அவருடைய குட்டியும் தனி அறையில்தான். மூன்று நாள் வீட்டிலேயே ஏதேதோ கொடுத்துப் பார்த்துவிட்டுத் தாமதமாகக் கொண்டுவந்தவர். அவரை அக்கா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு அந்தக் கரிசனம், எனக்கு இந்த வசவா என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அன்று மதியம் அந்தக் குட்டி போய்விட்டது. அக்காவே வெள்ளைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து ஓட்டுநர் கையில் கொடுத்தார். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலப்பா" என்றார். அது உண்மை இல்லை என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பிழைக்கக்கூடிய குட்டியின் ஆளைத்தான் அவர் திட்டுவார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் நான் போனபோது அக்கா என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்றார்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவிக்கு நான் சொல்லவில்லை. அவளிடம் போய் என்ன சொல்வது, நான் கொண்டுவந்து கொடுத்த சாவு இது என்றா?

கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பொட்டலம் நனைந்த துணி போலக் கிடந்தது. முன்னங்காலில் ட்ரிப்ஸ். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் புரட்டிப் படுக்கவைத்தார். வாயைத் துடைத்தார், அடியில் இருந்த துணியை மாற்றினார், மாற்றிய துணியை வாளியில் அமுக்கினார். டாக்டர் சொன்ன அளவுக்கு, ஊசிக்குழாயில் சொட்டுச் சொட்டாகக் கஞ்சி மாதிரி ஏதோ கொடுத்தார். பாதி வெளியே வந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தார். கொஞ்சவும் இல்லை, கண்கலங்கவும் இல்லை. வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு வேளைக்கு வேறொருவர் வந்து கூப்பிட்டார். "இவன் ஒரு தடவ உள்ள வெச்சுக்கட்டும், வர்றேன்" என்றார். நான் கோயிலில்கூட அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

நான்காம் நாள் வாந்தி நின்றது. ஐந்தாம் நாள், அக்காவின் விரல் நுனியில் இருந்த வேகவைத்த கோழியைப் பொட்டலம் முகர்ந்தது, யோசித்தது, நக்கியது. ஆறாம் நாள் காலையில் கிண்ணத்தையே தள்ளிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தது. வெள்ளை அணுக்கள் ஏறிவிட்டன, கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர்.

பின்வாசலில் காத்திருந்தோம். அக்கா பொட்டலத்தைக் குளிப்பாட்டித் துவட்டி எடுத்துவந்து மனைவி கையில் கொடுத்தார். எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனால் வால் நிற்கவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் இவன வேற குட்டிங்க கிட்ட விடாதீங்க. இவன்கிட்டேருந்து ஒட்டும். மிச்ச ஊசி எப்பன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க, தள்ளிப் போடாதீங்க" என்று மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்வது வீண் என்று முடிவு செய்துவிட்டார் போல.

மனைவிக்கு என்ன தோன்றியதோ, "உங்க வீட்ல குட்டி இருக்காக்கா?" என்றாள்.

"நான் எங்க வளக்குறதும்மா? தங்கச்சி வீட்ல ஒண்ணு இருக்கு, குட்டி பெருசாகுற வரைக்கும் அந்தப் பக்கம் நான் போறதில்ல. இங்க ஊசிக்கு வர்ற நல்ல குட்டிங்களயும் தேவையில்லாம தொடமாட்டேன். நாள் பூரா இந்த அறையில கெடக்குற கை, எத நம்பி தொடுறது?" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். "இவனுக்குப் பயமில்ல. இவன் அந்தப் பீடையப் பாத்துட்டு வந்தவன். சுலபத்துல திரும்பி வராது."

சொல்லிவிட்டு, இரண்டு கையுறைகளையும் கழற்றி வாளியில் போட்டார். வெளுத்துச் சுருங்கிப்போன வெறும் உள்ளங்கையைப் பொட்டலத்தின் வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் எடுக்காமல் நின்றார்.