தள்ளிப் பார்க்காமல் படுக்க விடவில்லை

எழுபதுகளின் நடுவில், ஒரு திருவோணத்தன்று, பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிப் பக்கம் எங்கள் வீட்டு நெற்களத்தில் நடந்தது இது. நாங்கள் விவசாயக் குடும்பம். என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய அம்பாசிடர் ஒன்று வீட்டில் நின்றது.

அவருடைய தங்கை பிரசவத்துக்காக எங்களோடு இருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காரிலோ பின்சக்கர பிரேக் தளர்ந்துபோய்க் கிடந்தது. வாளையார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே, நிறைமாதக்காரியை வைத்துக்கொண்டு அதை நம்பிப் போக முடியுமா? ஓணம் என்பதால் ஒர்க்‌ஷாப்புகள் எல்லாம் பூட்டு. வாடகைக் காரும் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று இரண்டு பேரும் துணிந்தோம்.

பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் படுத்து, சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் திருகை முடுக்க வேண்டும். மாட்டுவண்டியின் அச்சைத் தூக்கி வைத்து மை போட்டுப் பழகியவர் என் கணவர். அதே பழக்கத்தில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். ஜாக்கியால் ஒரு பக்கம் தூக்கி, அச்சுக்குக் கீழே பனங்கட்டையை முட்டுக் கொடுத்தார். மறுபக்கமும் அப்படியே. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் கோணிச்சாக்கை விரித்து, ஸ்பானரோடு குனிந்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தூளி கட்டினால் என் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்க்காமல் பிள்ளையைக் கிடத்துகிறவள் இல்லை நான்.

"ஏனுங்க, இருங்க. ஒருக்கா தள்ளிப் பாத்துக்கறேன்."

"கல்லு வெச்சிருக்குது, பிரேக்கு போட்டிருக்குது. இதென்ன தூளியா அம்மிணி?" என்று சிரித்தார்.

"மொதல்ல எந்திரிச்சு நில்லுங்க. அப்பறமா சிரிச்சுக்கலாமுங்க."

கையைப் பிடித்து இழுத்து அவரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் போய், பலம் கொண்ட மட்டும் ஒரு தள்ளு தள்ளினேன்.

கார் முன்னால் நகர்ந்தது. கட்டைகள் சாய்ந்தன. கல்லை எற்றிவிட்டுத் தடாலென்று இறங்கிய சக்கரம், அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தது. அவர் தலை இருந்திருக்க வேண்டிய இடம் அது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம் அம்மிணி, உட்டுரலாம். ஆரையாச்சும் கேட்டுப் பாக்கலாம்."

பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. "இன்னைக்கு ஆருங்க வருவாங்க? ஏன் நவுந்துச்சுன்னு பாருங்க. மறுபடியும் தூக்கலாம்."

காரைச் சுற்றி வந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். அவை அந்தரத்தில் இருந்தன. கல் வைத்ததும் அவற்றுக்கேதான். களமோ தண்ணீர் வடிய லேசாகச் சரிந்த தரை. மாட்டுவண்டிக்கு இருப்பதே இரண்டு சக்கரம். காருக்கு முன்னால் இன்னும் இரண்டு உண்டு என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இந்தத் தடவை காரைச் சமதரைக்குக் கொண்டுபோனோம். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் பெரிய கல்லாக இறுக்கி வைத்தோம். அகலமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அச்சை அதன்மேல் உட்கார வைத்தோம். நான் நான்கு பக்கமும் போய்த் தள்ளினேன், ஆட்டினேன், ஆத்திரம் தீர ஓர் உதையும் விட்டேன். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவரைப் படுக்க விட்டேன். வேலை முடிந்து அவர் முழுசாக வெளியே வரும்வரை, வேண்டாத தெய்வமில்லை.

மறுநாள் அந்த பிரேக்கை நம்பித்தான் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள்.

இன்றைக்கும் பரணுக்கு ஏணி சாத்தினால்கூட என் கணவர், "அம்மிணி, வந்து ஒருக்கா ஆட்டிப் பாரு" என்று குரல் கொடுக்காமல் ஏறுவதில்லை. அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறேன். சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த அந்தச் சக்கரத்தைப் பார்த்த எனக்கு, அவர் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் அவரைத் திரும்பப் பெற்றது போலவே இருக்கிறது.