விரலில் ஒரு துளி

மருதமுனைச் சாயப்பட்டறையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் இறங்கி நிந்தவூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நீலம் ஏறிய சாயக்காரரின் கைகள் மனதைவிட்டுப் போகவில்லை. பட்டறையிலும் வீட்டிலும் அவர் எந்தப் போத்தலைத் திறந்தாலும் ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் குடிப்பார். வழுக்கினால் அது சாயத்துக்குச் சேர்க்கும் காரத்தண்ணீர். குடித்தால் தொண்டை வெந்துவிடும்.

"என்ன காக்கா, பச்சத்தண்ணியிலயும் சந்தேகமா?" என்று, அண்ணன் முறை வைத்து அழைத்தே அவரைக் கேலி செய்தவன் நான்.

அன்று மதியம் சோறு கொண்டுவந்த அவர் மகள், தாகத்தில் சர்பத் போத்தல் ஒன்றை எடுத்தாள். அவர் வாங்கித் தேய்த்துப் பார்த்தார், மண்ணில் கொட்டினார். கழிவுக்குழிவரை நடக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் மிஞ்சிய காரத்தண்ணீரை அந்தப் போத்தலில் ஊற்றிவைத்தவன் நான்.

"ஆரு இதுக்க ஊத்தின?" முதலாளி கத்தினார்.

நான் சாயத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தான் மறந்து வெச்சிட்டன் முதலாளி," என்றார் சாயக்காரர், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலை நிந்தவூர்த் தேநீர்க்கடையில் வேலை கிடைத்தது. முதல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து விரலில் ஒரு துளி தேய்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.