நின்று நின்று சிலிம் ரிவருக்கு

1979ஆம் ஆண்டு, தைப்பூசம் முடிந்த மறுவாரம். காலை ஏழு மணிக்கு ஈப்போ டாக்சி நிலையத்தில் என் முறை வந்தது. ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் அறுபத்தெட்டுக் கட்டை. மைலை நாங்கள் கட்டை என்போம். அரசாங்கம் கிலோமீட்டருக்கு மாறிவிட்டது, எங்கள் வாய் மாறவில்லை. தலைக்கு ஐந்து வெள்ளி. நான்கு பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும். இதே சாலையில் பதினெட்டு வருடம் வாடகைக் கார் ஓட்டியவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அன்றைக்குத்தான் ஏழு மாதம் கழித்து மறுபடி ஸ்டியரிங் பிடித்தேன் என்பதுதான் சங்கதி.

எனக்குப் பெருங்குடலில் புண். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அதுவும் ரத்தத்தோடு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு இந்தப் பயணத்தைச் சொல்ல வழியில்லை. உறவுக்காரர்கள், யாரோ எனக்குச் சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள், செய்வினைதான் என்று முடிவு கட்டி, செமோரில் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் என் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, நூலும் மயிருமாக ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினார். எல்லோருக்கும் பரம திருப்தி, என் வயிற்றுக்கு மட்டும் இல்லை. பிறகு பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் படுத்து, மாத்திரையில் நாளைக்கு நான்கு தடவையாகக் குறைந்தது. இது முழுக்கப் போகாது, இதோடு வாழப் பழகிக்கொள் என்றார் டாக்டர்.

வண்டி சீன முதலாளியுடையது. நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. "சிலிம் ரிவர் போய் வா. போலே, வண்டி உனக்கு. தா போலே, வேற ஆளுக்கு" என்றார். முடியும் என்றால் எனக்கு, முடியாது என்றால் வேறொருவனுக்கு. என் மனைவி அதற்கும் மேலே போனாள். "எங்க அண்ணன் கடையில உக்காந்து சாமான் கட்டலாம் லா. எதுக்கு இந்த வீம்பு?" என்று கேட்டுக்கொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். வீம்புதான். சம்பந்தி மச்சான் என்று யார் நிழலிலும் உட்கார எனக்கு இஷ்டமில்லை. பின்பெட்டியில் மாற்றுக் கால்சட்டை, சோப்பு, இரண்டு போத்தல் தண்ணீர் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏழே கால். முன் இருக்கையில் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். சிலிம் ரிவரில் ஒன்பதரைக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு. பின்னால் ஒரு சீன வியாபாரி, விடுமுறைக்குப் போகும் ஒரு மலாய்க்காரப் பட்டாளத்து வாலிபர், பீடோருக்குப் போகும் ஓர் அக்கா, பாக்கியம் என்று பெயர் சொன்னார். அக்காவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மகள் வீட்டிலிருந்து திரும்புகிறார், மடியில் ஒரு தூக்குச் சட்டி. பட்டாளத்து வாலிபர் ஏறியதும் தூங்கிவிட்டார். கொடுத்து வைத்தவர்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இந்தச் சாலையில் சுண்ணாம்பு மலையும் ஈயக்குட்டையும் தெரியும். எனக்கு அன்று கக்கூஸ்தான் தெரிந்தது. பன்னிரண்டாம் கட்டையில் கோப்பெங், பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று, இனாம். இருபத்து நான்காம் கட்டையில் கம்பார், காப்பிக்கடைக்குப் பின்னால் ஒன்று, பத்துக் காசு. அதைத் தாண்டி முப்பத்திரண்டாம் கட்டையில் சாலையோரமாக அடர்ந்த ரப்பர் காடு, அவசரத்துக்கு. முன்கூட்டி ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று மனைவி சொன்னாள். பதினெட்டு வருடம் ஓடிய சாலை எனக்கா தெரியாது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

கோப்பெங்கில் பெட்ரோல் போடுகிற சாக்கில் நிறுத்தி முடித்துக்கொண்டேன். வண்டி மறுபடி ஓடியதும் பாக்கியம் அக்கா தூக்குச் சட்டியைத் திறந்தார். மசால் வடை, பச்சை மிளகாய் வாசனை கார் முழுக்க. "எடுத்துக்குங்க தம்பி. காலையில சுட்டது."

"வேணாங்க்கா, இப்பத்தான் சாப்புட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு. டிரைவருக்குக் குடுக்காம நாங்க சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"வேணாங்க்கா."

மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவையும் நான் வேண்டாம் என்று தலையாட்டியதும் அவர் முகம் கறுத்தது. சட்டியை மூடினார். "நான் என்ன, மருந்தா வச்சிருக்கேன்?" என்றார். எங்கள் ஜனங்களிடம் ஒருவர் கையால் கொடுத்ததை மூன்று தரம் மறுத்தால் அதற்கு இந்த ஓர் அர்த்தம்தான். உண்மையைச் சொல்வதற்கு அவர் கோபமே மேல் என்று தோன்றியது.

எட்டு மணிக்குக் கம்பார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அடிவயிறு லேசாக முறுக்கியது. அதே நேரம் பக்கத்து இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிலையத்தில் பெயரெடுத்ததே நிற்காமல் போகிற டிரைவர் என்றுதான். அந்தப் பழைய கௌரவம் என் காலை ஆக்ஸிலரேட்டரில் அமுக்கியது. காப்பிக்கடையைத் தாண்டிவிட்டேன். ரப்பர் காடு இருக்கிறதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தெமோவைத் தாண்டியதும் முறுக்கு வலியாகிவிட்டது. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. முப்பத்திரண்டாம் கட்டை வந்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன்.

காடு இல்லை. நான் நோயில் படுத்திருந்த மாதங்களில் ரப்பரை அழித்து, அடிமரமெல்லாம் எரித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செம்பனைக் கன்று. என் முழங்கால் உயரம். அதற்குப் பின்னால் ஒரு கோழி வேண்டுமானால் ஒளியலாம். சாலையில் லாரியும் பஸ்ஸும் போகின்றன. ஏழு மாதம் வீட்டில் அழாதவனுக்கு அந்த இடத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாக்கியம் அக்கா சன்னலில் தலையை நீட்டினார். "என்னய்யா, வண்டி மக்கரா?"

"வண்டி இல்லக்கா, நான்தான்" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "வடை வேணாம்னது உங்க மேல சந்தேகப்பட்டு இல்ல. எனக்குக் குடல்ல புண்ணு, காரம் ஆகாது. இப்ப அவசரம். இங்க மறைவா இருக்கும்னு நம்பி வந்துட்டேன்."

அக்காதான் முதலில் பேசினார்.

"இத கோப்பெங்லயே சொல்றதுக்கென்ன? ஏறு, ஏறு. முன்னால எடது பக்கம் செம்மண் ரோடு வரும், திருப்பு. நான் பால் வெட்டுன தோட்டம்தான் இது. மரம்தான் போச்சு, லயம் இன்னும் இருக்கு. ஓட்டு லா!"

அரைக் கட்டை தூரம் குழியும் மேடுமாகப் பறந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. வண்டி நிற்பதற்கு முன்பே அக்கா இறங்கி லயத்துப் பொதுக் கக்கூஸ் பக்கம் ஓடினார். "யாராச்சும் உள்ள இருந்தா வெளிய வாங்க! ஒரு மனுசனுக்கு முடியல!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாதி லயம் வாசலுக்கு வந்துவிட்டது. முன்பென்றால் வெட்கத்தில் செத்திருப்பேன். அப்போது எனக்கு வழிதான் வேண்டியிருந்தது, வழி கிடைத்தது. முழுக்கத் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுக் கால்சட்டை உதவியது.

திரும்பி வந்தபோது சீன வியாபாரி மரநிழலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "தா ஆப்பா" என்று கையை ஆட்டினார், பரவாயில்லை என்று. கழுத்துப்பட்டை இளைஞர்தான் முணுமுணுத்தார். "எனக்கு இன்டர்வியூ இருக்கு அண்ணே. இதெல்லாம் ஏறும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மறைத்ததால்தான் அவருக்கு நேரம் போயிற்று. தாப்பாவை நிற்காமல் கடந்தேன். பீடோரில் பாக்கியம் அக்கா இறங்கினார். "நாளைக்கும் ஓட்டுவியா?" என்று கேட்டார். ஓட்டுவேன் என்றேன். "ஓட்டு. ஒக்காந்துட்டா ஒடம்பு இன்னும் மோசமாத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு, சட்டியோடு நடந்தார். சுங்கை ஊரில், எனக்காகத்தான் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டே நிறுத்தினேன். ஒன்பது இருபத்தைந்துக்குச் சிலிம் ரிவர். இளைஞர் ஓடினார். அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குத் திரும்பும் சவாரி. நான்கு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். "எனக்குக் குடல்ல நோய் இருக்கு. ஈப்போ போறதுக்குள்ள ரெண்டு மூணு தடவ நிப்பேன். அவசரம்னா பின்னால உள்ள வண்டியில போலாம், தப்பில்ல."

மூன்று பேர் இறங்கிப் போனார்கள். பக்கத்து டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "மச்சான், வயித்தக் காட்டி யாவாரம் பண்றியா?" என்று கேட்டான். இறங்காமல் இருந்த அம்மாள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நெசமா நிப்பீங்களா? கேட்டா, கோவிச்சுக்காம?"

"நானே நிக்கிறவன், கோவிச்சுக்குவேனா?"

"எங்க வீட்டுக்காரருக்கு மூத்திரம் அடங்காது. ஈப்போவுல மவனப் பாக்கப் போயி ஒரு வருசமாச்சு. யாரு வண்டியிலயும் ஏற மாட்டேங்கிறாரு. வூடு கிட்டத்தான். இட்டாந்துடவா?"

என் முறையை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தேன். அந்த அம்மாளின் கணவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு வந்தார். நான் கதவைத் திறந்து, "சொல்ற எடத்துல நிப்பேன் அண்ணே. நானும் சொல்லுவேன், நீங்க பொறுத்துக்கணும்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வேறு இரண்டு பேரும் ஏறினார்கள்.

அவரும் நானும் மாற்றி மாற்றி ஐந்து இடத்தில் நிறுத்தினோம். கடைசி இரண்டு இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஈப்போ வந்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது.

முதலாளி நிலையத்திலேயே நின்றிருந்தார். கடிகாரத்தைக் காட்டி, மற்ற வண்டிகள் எப்போதோ வந்துவிட்டன, உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்றார்.

"நாளைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகும்" என்றேன். "ஆனா முடியும். போலே."