வாடைக்காற்றின் அம்புக்குறி

கணவருக்கு ஒரகடத்தில் வேலை என்பதால் சுங்குவார்சத்திரத்தில் குடியிருந்தோம். நான் வீட்டிலிருந்தபடியே நாகைப் பக்கத்துக் கரைக்கு ஓர் அலை மாதிரியைக் கணினியில் அமைத்துக்கொண்டிருந்தேன். கடலின் ஆழம், காற்றின் வேகம், திசை இவற்றைக் கொடுத்தால் கரையோரம் அலை எவ்வளவு எழும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும்.

"கடலே இல்லாத ஊர்ல குந்திகினு இன்னாம்மா அலைய எண்ணிகினு கீற?" என்று வீட்டுக்காரம்மா வாசல் பெருக்கும்போதெல்லாம் சிரிப்பார்.

எண்ணுவதற்கு அலை வந்தால்தானே! கார்த்திகையில், கடலில் மிதந்த அலைமானி ஆளுயர அலைகளைப் பதிவு செய்திருந்தது. என் மாதிரியிலோ அதே நாட்களில் கடல் குளம்போலக் கிடந்தது. மூன்று வாரம் ஆழங்களையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் பக்கத்து போர்ஷன் பெண் மீன்குழம்போடு வந்தாள். நாகப்பட்டினத்துக்காரி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுகளைச் சோதிக்கும் லைனில் வேலை. திரையில் தன் ஊர்க் கரையைக் கண்டதும் குதித்தாள். அதன்மேல் காற்றின் திசை காட்டும் அம்புக்குறிகளைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"அக்கா, இது எந்த மாசம்?"

"கார்த்திகை."

"அப்ப வாடைக்காத்துல்ல? கடல்லேருந்து வந்து கரையில மோதணும். ஒங்க அம்பெல்லாம் கரையிலேருந்து கடலுக்குள்ள போவுதே?"

தூக்கிவாரிப் போட்டது. காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் தரவு சொல்லியிருந்தது. எங்கே போகிறது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"நாள் முழுக்கத் தப்பு பாக்குறதுதானே அக்கா என் வேலையே."

திசையைத் திருப்பி ஓட்டினேன். வரைபடத்தில் என் மாதிரியின் அலைக்கோடு விறுவிறுவென்று எழுந்து, அலைமானியின் கோட்டையும் கொஞ்சம் தாண்டியது. அலையின் வேகத்தை அடக்கும் கடலடி உராய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். நாலாவது ஓட்டத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. நான் கைதட்டினேன்.

அவள் தட்டவில்லை. "ஒரு போர்டு பாஸானா போதுமா? வேற மாசத்துக்கும் ஓட்டுங்க."

சரிசெய்யும்போது தொடாமல் வைத்திருந்த தை மாதத் தரவை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் திரையையே பார்த்தோம். அதுவும் பொருந்தியது! அவள் விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் தெரு நாய்கள் குரைத்தன.

உடனே ஊரில் படகோட்டும் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, நம்மூரு அலைய நான் சரி பண்ணிட்டேன்!"

நான் அவளைத் திருத்தவில்லை. அவள் சொன்னதில் பாதிக்குமேல் உண்மை.